வராத சொந்தக்காரர்

ஒரு வண்டியை வாங்க ஒரு நாள் போதும். அதைத் தன் பேரிலிருந்து கழற்றிவிட எவ்வளவு காலம் ஆகும் என்று பழனிச்சாமியிடம் அந்தச் சமயத்தில் யாராவது கேட்டிருந்தால், கேட்டவர் தலையில் ஸ்பேனர் விழுந்திருக்கும். அவ்வளவு கடுப்பில் இருந்தார் மனிதர்.

சங்கரன்கோவில் பக்கத்து ஆள். ஏசி மெக்கானிக். ஜித்தாவில் கட்டடங்களுக்கு ஏசி பராமரிக்கிற ஒரு கம்பெனியில் ஹெல்பராக வந்து சேர்ந்து, ஃபோர்மேன் ஆகி, மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்கியதில் முட்டி தேய்ந்து, போதும்டா சாமி, ஊருக்கே போய்விடலாம் என்று ஒரு வழியாக முடிவுக்கு வந்திருந்தார். கம்பெனியும் சரி என்றுவிட்டது. ஷரஃபியா ஏரியாவில் அவர் இருந்த ரூமில் பிரியாணி போட்டு வழியனுப்பு விழாவும் நடத்தி முடித்தார்கள். அட்டைப்பெட்டியில் சாமான் அடைத்து, நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, நாலு பக்கமும் தன் பேரும் மனைவி பேரும் ஊரும் மார்க்கரில் கொட்டை கொட்டையாக எழுதியாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஃபைனல் எக்ஸிட். இனித் திரும்பி வரமாட்டேன் என்று போகிறவனுக்கு அந்த நாடு கொடுக்கிற கடைசி முத்திரை.

அதற்காகத்தான் ஹஸ்னைனின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கம்பெனியின் அரசாங்க வேலைகளையெல்லாம் பார்க்கிற பாகிஸ்தான்காரன் அவன். கம்ப்யூட்டரைப் பார்த்தான், பழனிச்சாமியைப் பார்த்தான், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

“பழனி பாய், உங்க பேர்ல ஒரு காடி இருக்கே” என்றான் இந்தியில்.

“அது செத்துப்போன வண்டி. முனிசிபாலிட்டிக்காரனே தூக்கிட்டுப் போயிட்டான்.”

“தூக்கிட்டுப் போனது காடியத்தான் பாய். பேரு இங்கேயேதான் இருக்கு. பேர்ல காடி இருந்தா எக்ஸிட் மாஃபி.”

மாஃபி என்றால் இல்லை. அந்த ஊரில் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற சொல். ஆனாலும் பழனிச்சாமிக்கு அன்றைக்குத்தான் அதன் முழு அர்த்தமும் உறைத்தது.

அந்த வண்டி அவர் ஆசைப்பட்டு வாங்கியதா? அதுவும் கிடையாது! ரூமில் நாலு பேர். நாலு பேருக்கும் பொதுவாக ஒரு பழைய வெள்ளைக் கார். வெள்ளிக்கிழமை மீன் மார்க்கெட்டுக்குப் போக, ஊருக்குப் போகிறவனை ஏர்போர்ட்டில் விட, யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட. கல்ஃபில் பாதி ரூம்களில் இப்படி ஒரு பொது வண்டி நிற்கும். வாங்குகிற அன்றைக்கு, யார் பேரில் எழுதுவது என்ற கேள்வி வந்தபோது மற்ற மூன்று பேரும் ஒரே குரலில், “அண்ணாச்சி பேர்லயே இருக்கட்டும். அண்ணாச்சிதான் எங்கயும் ஓடமாட்டாரு” என்றார்கள். அதைக் கேட்டு இவருக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. என்னத்தைச் சொல்ல!

மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக ஊரைப் பார்க்கப் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று பேரையும் அதே வண்டியில் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர் இவர்தான். பிறகு ஒரு நாள் எஞ்சின் பிடித்துக்கொண்டு வண்டி நின்றுபோனது. கட்டடத்துக்குப் பின்னாலிருந்த காலி மனையில் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார். தூசி படிந்தது, டயர் இறங்கியது, பூனை குட்டி போட்டது. முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து கண்ணாடியில் ஒரு நோட்டீஸை ஒட்டினார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் வண்டியைக் காணோம். சனியன் ஒழிந்தது என்று ஒரு டீ குடித்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். அதுதான் இப்போது எக்ஸிட்டுக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டிருந்தது.

இதில் அவர் போயே ஆக வேண்டிய அவசரம் ஒன்று இருந்தது. அவர் மனைவி நாகஜோதிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும், ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார். நாகஜோதி ஒரே பிடியாக நின்றாள்.

“நீங்க வந்த பொறவுதான் படுப்பேன். எனக்கு ஆபரேஷனுன்னா பயமா இருக்கு. கண்ணு முழிக்கையில நீங்க பக்கத்துல இருக்கணும்.”

இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நாகஜோதி அவரிடம் சங்கிலி கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. பிள்ளைப்பேறுக்குக்கூட அவர் பக்கத்தில் இல்லை. அதையும் சொல்லிக் காட்டியதில்லை. அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். “இந்தா, கெளம்பிட்டேன்னு வையி” என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஹஸ்னைனிடமிருந்து நேராகக் கலீலுர் ரஹ்மானிடம் ஓடினார். கீழக்கரைக்காரர். ஷரஃபியாவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்ன ஆபீஸ் போட்டு, அரபியில் எழுத வேண்டியது, ஆன்லைனில் தட்ட வேண்டியது எல்லாவற்றையும் செய்துகொடுக்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அண்ணே, வண்டி முனிசிபாலிட்டி யார்டுல இருக்கு. வெளிய எடுக்கணும்னா ரெஜிஸ்ட்ரேஷன் உயிரோட இருக்கணும். ஒங்களுது எப்பவோ முடிஞ்சு போச்சு.”

“புதுப்பிச்சிருவோம்.”

“புதுப்பிக்க வண்டி பரிசோதனையில பாஸாகணும். வண்டி யார்டுக்குள்ள இருக்கு, எஞ்சினும் ஓடாது.”

“அப்பம் உடைக்கப் போட்டுருவோம் பாய். பழைய இரும்புக்குக் குடுத்துருதேன்.”

“அதுக்கும் யார்டுலேர்ந்து வெளிய எடுக்கணுமே.”

“யார்டுக்காரனையே வித்துக்கிடச் சொல்லுவோம்.”

“அவரு இஷ்டத்துக்கு விக்க முடியுமாண்ணே? அதுக்குச் சட்டம் இருக்கு. அடுத்தவன் வண்டியாச்சே! நோட்டீஸ் ஒட்டணும், ஒட்டியாச்சு. தூக்கிட்டுப் போனத ஒங்க போனுக்குச் சொல்லணும், மெசேஜ் வந்திருக்கும், நீங்க பாத்திருக்க மாட்டீங்க. அப்பறம் ஒரு கெடு, சில மாசம். அதுக்குள்ள சொந்தக்காரன் வரலைன்னா, இது கைவிடப்பட்ட வண்டின்னு முடிவுகட்டி ஏலத்துல விடுவாங்க. ஏலத்துல எடுத்தவன் பேருக்கு மாறுனதும் ஒங்க பேரு தானா விழுந்துரும். நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்ணே. சும்மா இருங்க, போதும்.”

கலீலுர் ரஹ்மான் சொன்னதில் ஒரு பிசகும் கிடையாது. கடைசி வார்த்தைதான் பழனிச்சாமியின் காதில் ஏறவே இல்லை.

சும்மா இருப்பதாவது! ஊரில் ஒரு பட்டா மாறுதலுக்காக அவர் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடை அவருக்கல்லவா தெரியும். வந்த லீவு முழுவதையும் அந்த வராந்தாவில்தான் கழித்தார். ஒரு வாரம் தலையைக் காட்டாவிட்டால் ஃபைல் அடியில் போய்விடும். போய் நின்றால், ‘இந்த ஆளு மறுபடியும் வந்துட்டான்யா’ என்கிற எரிச்சலிலாவது மேலே வரும். கரண்ட் கனெக்‌ஷன் அப்படித்தான் வாங்கினார், ரேஷன் கார்டு அப்படித்தான் வாங்கினார். நேரில் போக வேண்டும், முகம் பதிய வேண்டும், கையில் எதையாவது கொண்டு போக வேண்டும். உலகத்தில் எந்த ஆபீசாக இருந்தாலும் வேலை இப்படித்தான் நடக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே வியாழக்கிழமை மத்தியானம் பெர்மிஷன் போட்டார். ஷரஃபியா மெஸ்ஸில் பருப்பு வடை ஒரு பொட்டலம் கட்டச் சொன்னார். டாக்ஸி பிடித்து, ஊருக்குத் தெற்கே வெட்டவெளியில் இருந்த அந்த யார்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

கேட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் மஹ்மூது இருந்தார். சூடான்காரர், நல்ல உயரம், பழனிச்சாமி வயதுதான் இருக்கும். முனிசிபாலிட்டிக்காக யார்டை நடத்துகிற தனியார் கம்பெனி ஆள். பழனிச்சாமி தன் அடையாள அட்டையை நீட்டி, தெரிந்த அரபியில் இது என் வண்டி, கொஞ்சம் பாருங்கள், சீக்கிரம், குடும்பம் காத்திருக்கிறது என்றார். மஹ்மூது தன் டேப்லெட்டில் எதையோ தட்டினார். நெஞ்சில் கை வைத்து, “மாஃபி முஷ்கிலா, யா சதீக்” என்றார். ஒரு பிரச்சினையும் இல்லை நண்பா. வடை கை மாறியது. மஹ்மூதுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு பிளாஸ்கிலிருந்து இஞ்சி போட்ட காபி ஊற்றிக் கொடுத்தார்.

பார்த்தீர்களா, இதுதான் முறை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார் பழனிச்சாமி.

அடுத்த வியாழனும் போனார், அதற்கடுத்த வியாழனும் போனார். மஹ்மூது அவரைத் தூரத்தில் பார்த்ததுமே எழுந்து நின்று கையாட்ட ஆரம்பித்தார். போனதும் முதல் காரியமாக டேப்லெட்டைத் தட்டுவார், பிறகுதான் வடை. ஒரு வியாழக்கிழமை மஹ்மூது அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். வெயிலில் வரிசை வரிசையாகக் காய்ந்து கிடந்த வண்டிகளைத் தாண்டிப் போனால், கூரை போட்ட ஒரு ஓரத்தில் அந்த வெள்ளைக் கார் மட்டும் தனியாக நிற்கிறது! மஹ்மூதே ஆள் வைத்துத் தள்ளி நிழலில் போட்டிருக்கிறார். மேலே ஒரு தார்ப்பாயும் போர்த்தியிருந்தது. பழனிச்சாமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இந்தத் தேசத்தில் நமக்காக இவ்வளவு செய்ய ஒரு மனிதன் இருக்கிறானே என்று அடுத்த முறை வடையோடு ஒரு டப்பா அல்வாவும் கொண்டு போனார்.

ஆனால் எக்ஸிட் மட்டும் வரவில்லை.

இங்கே கம்பெனியில் அவருடைய நிலைமை கேவலமாகப் போய்க்கொண்டிருந்தது. ஃபோர்மேன் வேலைக்கு வேறு ஆளைப் போட்டாகிவிட்டது. வேலையை விட்டவன் என்று லீவில் போய்வரவும் விடமாட்டேன் என்றுவிட்டார்கள். இவர் ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பயல் இப்போது இவருக்கு டூட்டி போட்டான். “அண்ணாச்சி இன்னும் கெளம்பலையா?” என்று கேட்காத ஆள் இல்லை. பிரியாணி போட்டு வழியனுப்பியவர்களின் முகத்தில், போட்ட பிரியாணி வீணாய்ப் போனதே என்கிற மாதிரி ஒரு பார்வை. கட்டி வைத்த அட்டைப்பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. குளிக்கச் சோப்பு தீர்ந்தது. கயிற்றை நெகிழ்த்தி ஒரு சோப்பை எடுத்தார். பால் பவுடர் தீர்ந்தது. அதையும் அதிலிருந்தே எடுத்தார். ஜனவரிக் குளிரில் ஊருக்கென்று வாங்கிய கம்பளியையும் உருவிப் போர்த்திக்கொண்டு படுத்தார். பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து, நாகஜோதி என்று எழுதியிருந்த பக்கம் உள்ளே மடங்கிப்போனது.

“என்ன இன்னும் முடியலையா?” என்பாள் நாகஜோதி போனில்.

“வாரா வாரம் போய்ப் பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒரு நாள்கூட விடல. அங்க இருக்கவரு நமக்கு ரொம்ப வேண்டியவராயிட்டாரு.”

“வலி கூடிட்டே இருக்கு.”

“இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க தாயி. விடுவனா நான்?”

விடவில்லைதான். வாரம் ஒரு தடவை போதவில்லையோ என்று திங்கட்கிழமையும் போக ஆரம்பித்தார். யார்டில் அவர் கண்ணெதிரே எத்தனை வண்டிகள் ஏலத்துக்குப் போயின! சொந்தக்காரன் யாரென்றே தெரியாத வண்டிகள், ஊரைவிட்டே ஓடிப்போனவர்களின் வண்டிகள், எல்லாம் கிரேனில் ஏறி வெளியே போயின. இவர் வண்டி மட்டும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. திட்டுவதற்கு ஆளும் கிடையாது. மஹ்மூதைத் திட்ட முடியுமா? அந்த மனிதர் பாவம், ஒவ்வொரு தடவையும் “கவலைப்படாதே, நான் இருக்கிறேன்” என்று தோளைத் தட்டுகிறாரே! வண்டியைத்தான் ஒரு நாள் யாரும் பார்க்காதபோது ஓங்கி ஓர் உதை விட்டார். முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

கடைசியில் பொறுக்க முடியாமல் கலீலுர் ரஹ்மானிடம் போய்க் கத்தினார்.

“நீருதான சொன்னீரு பாய், கெடு முடிஞ்சா தானா ஏலம் போயிரும்னு? எங்க போச்சு? எனக்குப் பின்னால வந்த வண்டியெல்லாம் போயிட்டு!”

கலீலுர் ரஹ்மானுக்கும் அது புரியவில்லை. யார்டு கம்பெனியின் தலைமை ஆபீசில் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டு வண்டி நம்பரைச் சொன்னார். அரபியில் கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. போனை வைத்துவிட்டுப் பழனிச்சாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க யார்டுக்குப் போனீங்களா?”

“போகாம? வாரா வாரம் போறேன். இப்பம் வாரத்துக்கு ரெண்டு வாட்டி.”

“யா அல்லாஹ்!” கலீலுர் ரஹ்மான் தலையில் கை வைத்துக்கொண்டார். “சும்மா இருங்கன்னுதானேண்ணே சொன்னேன்! நீங்க ஒவ்வொரு தடவ போனப்பவும் அந்த மனுசன் ‘சொந்தக்காரர் வந்தார்’னு பதிஞ்சிருக்காரு. சொந்தக்காரன் வந்துட்டா அது எப்படிக் கைவிடப்பட்ட வண்டியாகும்? கெடு அன்னைக்கே முதல்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கும். ஒங்க வண்டிக்குக் கெடு இன்னும் ஒரு வாரங்கூட ஓடலண்ணே!”

பழனிச்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவரு எனக்கு ஒத்தாசையால்ல செஞ்சாரு?”

“ஒத்தாசைதான். அங்க வர்ற ஒவ்வொருத்தனும் என் வண்டிய வித்துராதீங்கன்னு அழுதுக்கிட்டு வர்றான். நீங்களும் அப்படின்னு நெனச்சு, விக்கவே முடியாதபடி காப்பாத்திக் குடுத்திருக்காரு. அதுவும் வடை தின்ன விசுவாசம் வேற!”

“சரி, இப்பவே போயி, எனக்கு இந்த வண்டி வேண்டாம், தாராளமா வித்துக்கிடுங்கன்னு எழுதிக் குடுத்துருதேன்.”

“அதையுங் கேட்டுட்டேன். அவங்ககிட்ட ரெண்டு சொந்தக்காரன்தான் உண்டு. வந்தவன், வராதவன். வந்து நின்னு வேண்டாம்னு சொல்லுறவனுக்கு அதுல எடமே இல்ல. சொந்தக்காரனா வேண்டாம்னு எழுதணும்னா ரெஜிஸ்ட்ரேஷன் உயிரோட இருக்கணும்.”

“சவத்து மூதி!” என்றார் பழனிச்சாமி. யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வண்டியையா, சட்டத்தையா, தன்னையேவா?

கலீலுர் ரஹ்மான் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “இனிமே அந்தப் பக்கமே போகாதீங்கண்ணே. கெடு முடியட்டும். அந்த மஹ்மூது போன் பண்ணாலும் எடுக்காதீங்க. போன்ல பேசுனாலே ‘தொடர்பு கொண்டார்’னு தட்டிருவாரு. நீங்க இந்த ஊர்லயே இல்லாத ஆளா இருக்கணும். வேற வழியே கிடையாது.”

அன்றைக்குச் சாயங்காலம் நாகஜோதிக்குப் போன் போட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். போய்ப் போய்த்தான் கெட்டது, போகாமல் இருந்திருந்தால் இந்நேரம் ஊரில் இருந்திருப்பேன் என்றார். அந்தப் பக்கம் நாகஜோதி சிரித்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று.

“வராம இருக்கதுக்கு ஒங்களுக்கா தெரியாம போச்சு? இருபத்தாறு வருசமா எங்கிட்ட அதத்தான செஞ்சீய. அந்த வண்டிகிட்ட மட்டும் வாராவாரம் போயி நின்னீயளாக்கும்!”

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“நான் தேதி வாங்கிட்டேன்” என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. “வெள்ளிக்கிழம காலையில ஆபரேஷன். தாமரை வந்து கூட இருக்கேன்னுருக்கா. இனி என்னால காத்துக் கெடக்க முடியாது.”

தாமரை நாகஜோதியின் தங்கை. “வெள்ளிக்கிழம எனக்கு லீவுதான். காலையிலேர்ந்து போனக் கையிலயே வச்சிருப்பேன். நீ உள்ள போற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பேன்” என்றார் பழனிச்சாமி.

“சரி, பேசுங்க” என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை வந்தது. மத்தியானம் வழக்கமாகப் பெர்மிஷன் போடுகிற நேரம் வந்ததும் கால் தானாக மெஸ் பக்கம் இழுத்தது. டூட்டியில் நிற்கவே முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு ரூமுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மஹ்மூது.

அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. திங்கட்கிழமையும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. என்ன ஆயிற்றோ என்று அந்த மனிதர் தவித்துப்போயிருப்பார். ஒரு வார்த்தை, நன்றாக இருக்கிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொன்னால் கெடு போச்சு. போனின் சத்தத்தை அமர்த்தித் தலையணைக்கடியில் செருகினார். அதன்மேலேயே தலையை வைத்துப் படுத்தார். தலையணைக்குள் போன் துடித்தது, நின்றது, துடித்தது. மனிதன் எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ‘அடிய்யா, எவ்வளவு வேணும்னாலும் அடி! இன்னைக்கு என்னை அசைக்க முடியாது’ என்று ஒரு வீம்பு. இத்தனை மாதத்தில் முதல் முறையாகச் சரியாக ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு திருப்தி. அந்தத் திருப்தியிலேயே கண் அசந்துவிட்டார்.

பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு சத்தத்தில் விழிப்பு வந்தது. போனை எடுத்துப் பார்த்தார். மஹ்மூது கூப்பிட்டிருந்தது இரண்டே முறைதான். அதற்கு மேலே வரிசையாக, ஜோதி, ஜோதி, ஜோதி என்று நின்றது.

அவள் நம்பரை அழுத்தினார். எடுத்தது தாமரை.

“எங்கத்தான் போனீய? அக்காவ உள்ள கொண்டு போயிட்டாவ!”

“நாளைக்குன்னுல்லா சொன்னா?”

“டாக்டருக்கு நாளைக்கு எங்கயோ போவணுமாம். இன்னைக்கே எடுத்துருவோம்னுட்டாரு. உள்ள போறதுக்கு முன்னால ஒங்ககிட்ட ஒரு வார்த்த பேசிருதேன்னு அக்கா அடிச்சா, அடிச்சா, அடிச்சுக்கிட்டே இருந்தா. நீங்க எடுக்கல.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணுஞ் சொல்லல. நர்சம்மா வந்து, வீட்டுக்காரர் கையெழுத்து போடணும், அவுக வந்திருக்காவளான்னு கேட்டாவ. ‘அவிய வரமாட்டாவ, எங்க போடணும்னு காட்டுங்க’ன்னு அவளே வாங்கிப் போட்டுட்டா. போன என் கையில குடுத்துட்டு எந்திரிச்சு நடந்து போயிட்டா.”

தாமரை இன்னும் ஏதோ சொன்னாள். வெளியே வந்ததும் கூப்பிடுகிறேன் என்று வைத்தாள். பழனிச்சாமி கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். காலுக்குக் கீழே அட்டைப்பெட்டி, பாதி காலியாகிக் கயிறு தொளதொளத்துக் கிடந்தது. ரூமில் வேறு யாரும் இல்லை. அழுகை வந்தது, அழுதார்.

கையிலிருந்த போன் மறுபடியும் துடித்தது. திரையில் மஹ்மூது என்று தெளிவாகத் தெரிந்தது. எடுத்தால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். மாதக்கணக்கில் மறுபடியும் முதலிலிருந்து. எடுக்கக் கூடாது, எடுக்கவே கூடாது. ஆனால் இன்னொரு முறை யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருக்க, தான் கிடந்து கேட்டுக்கொண்டே இருப்பதற்கு அந்த மனிதனால் அன்றைக்கு முடியவில்லை.

எடுத்தார்.

“யா சதீக்! எங்கே போய்விட்டாய்? உயிரோடுதான் இருக்கிறாயா?” என்றார் மஹ்மூது அந்தப் பக்கத்திலிருந்து.

“இருக்கேன்” என்றார் பழனிச்சாமி தமிழிலேயே. “இங்கனதான் இருக்கேன்.”

மஹ்மூதுக்கு அது புரிந்ததோ இல்லையோ, குரலைக் கேட்டதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. அல்ஹம்துலில்லாஹ் என்றார், அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பவும் சொன்னார். பிறகு, கவலைப்படாதே, நீ பேசினாய் என்று இப்போதே பதிந்துவிடுகிறேன், உன் வண்டியை ஒருவரும் தொட முடியாது என்றார்.